சித்தப்பாவின் ஜாவாவுக்குக் குரல் திரும்பிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் சித்தப்பாவின் ஜாவாவை உறவுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நெல் கொள்முதல் முடிந்து திருவண்ணாமலை ரோட்டில் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே அவர் வரும்போதே சத்தம் மலையில் பட்டு எங்கள் தெருவுக்கு வந்துவிடும். சித்தி அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவார்.

சித்தப்பா போய் ஒன்பது வருடம். கொட்டகையில் கிடந்த வண்டியைப் போன மாதம் தம்பி ஓட வைத்தான். தெருவே அதிர்ந்தது. திண்ணையில் இருந்த சித்தி, "யார் வண்டிப்பா இது? உங்க சித்தப்பா வண்டி இப்படிக் கத்தாதே" என்றார். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகுதான் பார்த்தோம்: இடது பக்க சைலன்சருக்குள் பேஃபிளே இல்லை.

பேஃபிள் என்பது சைலன்சருக்குள் செருகும் துளைக் குழாய். எஞ்சினிலிருந்து வெடித்து வரும் புகை நேராக வெளியேறாமல், துளைகளிலும் தட்டுகளிலும் முட்டி மோதி, வேகம் தணிந்து வெளியே வரும். மோட்டார் வண்டி உலகில் பிறந்த சில வருடங்களிலேயே இந்தச் சத்தப் பிரச்சினையும் வந்துவிட்டது. 1897இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார்கள்.

ஜாவாவின் கதை 1929இல் செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்குகிறது. யானெச்செக் என்ற முதலாளி, ஜெர்மனியின் வாண்டரர் கம்பெனியிடமிருந்து மோட்டார் சைக்கிள் செய்யும் உரிமையை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதல் எழுத்துகளும் சேர்ந்து 'ஜாவா' ஆனது. இந்தியாவில் ருஸ்தம் இரானியின் ஐடியல் ஜாவா கம்பெனி 1961இல் மைசூரில் உற்பத்தியைத் தொடங்கியது. கிக்கரும் கியரும் ஒரே லீவர். இரண்டு பக்கமும் சைலன்சர் இருப்பதால் இரட்டை சிலிண்டர் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் சிலிண்டர் ஒன்றுதான், புகை போகும் வழிதான் இரண்டு.

அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும். எரியாத ஆயில் பேஃபிளில் கரியாகப் படியும். கரி அடைத்தால் வண்டி மூச்சு முட்டும். அதனால்தான் பேஃபிளைக் கழற்றும்படியே செய்திருந்தார்கள். சித்தப்பா அதைக் கழற்றி, நெருப்பில் வாட்டி, கரியைத் தட்டிவிட்டு மாட்டுவதை நான் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் கழற்ற முடிந்ததே வினையானது. எவனோ சத்தத்துக்காகக் கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறான். சத்தம் கூடினால் வேகம் கூடும் என்பது வெறும் நினைப்பு. டூ ஸ்ட்ரோக்கில் பேஃபிள் போனால் இழுவைதான் குறையும்.

புதிது வாங்கலாம் என்றால் ஆலை இல்லை. 1985இல் ஹீரோ ஹோண்டாவின் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி வந்தது. பெட்ரோல் குறைவாகக் குடித்தது. பிறகு புகைக் கட்டுப்பாடும் இறுகியது. ஜாவாவும் அதன் வழிவந்த யெஸ்டியும் தாக்குப்பிடிக்கவில்லை. 1996இல் மைசூர் ஆலை மூடப்பட்டது. வெளியூர்க் கடை ஒன்றில் தம்பி வாங்கி வந்த பேஃபிளோ வெறும் குழாய். துளைகள் பேருக்குத்தான் இருந்தன.

அப்போதுதான் என் பழைய மாணவன் நினைவுக்கு வந்தான். இங்கேயே லேத் வைத்திருக்கிறான். பெயர் போடாதீங்க சார் என்றான், போடவில்லை. வலது பக்கத்தில் மிஞ்சியிருந்த பேஃபிளைக் கேட்டு வாங்கி, கரியைச் சுரண்டி, துளைகளை ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதினான். "சார், துளை கம்மியானா வண்டி திணறும், அதிகமானா கத்தும். கணக்குதான் சார் எல்லாம்" என்றான். கணக்குப் பாடத்தில் என்னிடம் அடி வாங்கியவன்!

எங்கள் வீட்டு முற்றத்திலேயே வேலை நடந்தது. இரும்புக் குழாயை அளந்து வெட்டி, துளை போட்டு, தகட்டில் வட்டத் தட்டுகள் வெட்டிப் பற்றவைத்தான். நான் ஒரு ஜி.ஐ. குழாயை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டான். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகைந்தால் காய்ச்சல் வருமாம். இந்த வயதில் மாணவனிடம் ஒரு பாடம். இரண்டாம் நாள் மாலை மாட்டினோம்.

தம்பி கிக்கரை உதைத்தான். சித்தி உள்ளே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் தோசைக்கல் சத்தம் கேட்டது. தம்பி வண்டியை அணைக்காமல் அப்படியே நின்றான்.

2025இல் நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. நமக்கெல்லாம் பெருமை. அதே ஊரில், மூடிப்போன ஆலையின் வேலையைத் தன் நோட்டுக் கணக்கை வைத்துச் செய்கிற கைகளும் இருக்கின்றன. அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டிலும் வெட்டப் போவதில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஜாவா, யெஸ்டி பேஃபிள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. அளவெடுக்க அதுவே போதும்.