பால் பல்லு தானே?

விழுந்த பால் பல்லை சாணியில உருட்டி கூரை மேல எறிவோமே, ஞாபகம் இருக்கா? பாகூர்ல எங்க ஆயா வீட்டு ஓட்டு மேல என் பல்லும் நாலஞ்சு கிடக்கும். எழுபது வயசிலும் ஆயாவுக்குப் பல் வரிசை குலையல. என் பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசுல ஒன்னு மேல ஒன்னு ஏறின தெத்துப்பல், கிளிப் போடணுமாம். "உங்க பரம்பரை அப்படி" என்று வீட்ல என்னைக் கை காட்டிட்டாங்க. கோளாறு எங்கே ஆரம்பிச்சதுன்னு பின்னாடியே போய்த் தேடுறது என் தொழில் பழக்கம். தேடினேன்.

1899-ல் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், தாடைப் பொருத்தத்தை மூன்று வகையாகப் பிரித்தார். அவர் அளவுகோலாக எடுத்தது ஆறு வயசில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். அதன் மேல்பல்லும் கீழ்பல்லும் எப்படிப் பொருந்துது என்பதுதான் கணக்கு. இன்னைக்கும் மருத்துவர்கள் அந்தப் பிரிவைத்தான் சொல்றாங்க.

சரி, பல் கோணுவது பரம்பரையா? ராபர்ட் கொருச்சினி என்ற மானுடவியலாளர் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து சண்டிகர் நகரத்து இளைஞர்களையும் பஞ்சாப் கிராமத்து இளைஞர்களையும் ஒப்பிட்டு 1983-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே வட்டாரத்து மக்கள்தான். ஆனால் நகரத்தில்தான் பல்வரிசைக் கோளாறு அதிகம். மெல்ல வேண்டிய முரட்டுச் சாப்பாடு போய் மெத்துன்னு சாப்பிடப் பழகினது இதுக்கு ஒரு காரணம் என்பது அவர் வாதம். மென்றால்தான் வளர்கிற தாடைக்கு வேலை. பல்லின் அளவோ பெரும்பாலும் பரம்பரையில் வருவது. பல் அதே அளவு, தாடை மட்டும் குறுகினால் நெரிசல்தானே! பரம்பரைக்கும் விரல் சூப்புறதுக்கும் பங்கு உண்டு, இல்லைன்னு சொல்லல.

ஆனா எங்க வீட்டுக் கோளாறு வேற இடத்துல இருந்தது. பொண்ணுக்கு ஆறு வயசில் ஒரு பால் கடைவாய்ப் பல் சொத்தையாச்சு. "பால் பல்லு தானே, எப்படியும் விழும்" என்று சொன்னது நான்தான். கடைசியில் பிடுங்க வேண்டியதாப் போச்சு. பால் கடைவாய்ப் பல் பத்து, பன்னிரண்டு வயசு வரைக்கும் அடுத்த பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்கிற துண்டு மாதிரி. முன்னாடியே போயிட்டா, ஆங்கிள் அளவுகோலாக எடுத்த அதே ஆறு வயசுப் பல் முன்னால் சாஞ்சு இடத்தை அடைச்சுக்கும். பிடுங்கின உடனே இடம் காக்க ஒரு சின்னக் கம்பி போடலாம். நான் கேட்கவே இல்லை.

போன வாரம் வில்லியனூர்ல அக்கா பேரன் வாயில டார்ச் அடிச்சுப் பார்த்தேன். நடுவிலிருந்து எண்ணினா ஆறாவதா ஒரு புதுப் பல். "எந்தப் பல்லும் விழலையே, இது எப்போடா வந்துச்சு?" என்றாள் அக்கா. எதுவும் விழாமல் பின்னால் முளைப்பதால்தான் இதையும் பால் பல் என்று நினைச்சு விட்டுடறோம்.

"இது சாகுற வரைக்கும் இருக்க வேண்டிய பல்லுக்கா. இதைக் கூரை மேல எறிய முடியாது" என்றேன்.