காய்ச்சல் இல்லாத காய்ச்சல்

தமிழில் பட்டி என்றால் மாடு அடைக்கும் இடம். மலையாளத்தில் அதற்கு நாய் என்று பொருள். அதனாலோ என்னவோ, எங்கள் ஊர்ப் பலகைகளில் 'மாட்டுப்பெட்டி' என்றிருக்கும். எங்கள் தேயிலை லயத்தில் எல்லோருக்கும் மாட்டுப்பட்டிதான்.

பெயருக்கேற்ற வேலை 1963இல் வந்தது. இந்திய, சுவிஸ் அரசுகள் சேர்ந்து இங்கே மாட்டுப் பண்ணை தொடங்கின. பிரவுன் சுவிஸ் காளையையும் நாட்டுப் பசுவையும் கலந்ததில் உருவானது சுனந்தினி. சினை ஊசி ஊரூராகப் போனது. செம்பில் கறந்த வீடுகள் வாளி தேடின. கூடவே, நாட்டு மாட்டிடம் அரிதாகவே கண்ட பால் காய்ச்சலும் வந்தது.

கால்நடை உதவியாளனாக நான் முதலில் பார்த்த பசு, முந்தின நாள் ஈன்றது. கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தது. "காய்ச்சல்ங்கிறீங்க, காது சில்லுன்னு இருக்கே சார்?" என்றார் வீட்டுக்காரம்மா. அவர் கேட்டதுதான் சரி. பெயர்தான் தப்பு.

ஒரு லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போய்விடும். பசுவின் ரத்தத்தில் ஓடுவதே 3 கிராம் அளவுதான். எலும்பிலிருந்து ஈடுகட்டத் தாமதமானால் மாடு விழுந்துவிடும்.

ஏன் விழுகிறது? பள்ளிவாசல் மின்நிலையத்துக்காக எங்கள் ஊர் அணை தண்ணீரைத் தேக்கி வைப்பதுபோல, ஒவ்வொரு நரம்பணுவும் தன் சவ்வின் இருபுறமும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கிறது. வெளியைவிட உள்ளே சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. மதகு திறந்து சோடியம் உள்ளே பாய்ந்தால் அழுத்தம் தலைகீழாகும். அதுவே நரம்புச் செய்தி. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் நரம்பில் இதை அளந்து, 1963இல், மாட்டுப்பட்டிக்குச் சுவிஸ்காரர்கள் வந்த அதே வருடம், நோபல் பரிசு வாங்கினார்கள். கால்சியம் குறைந்தால் சோடியம் மதகுகள் சும்மாவே திறக்கும். அதனால்தான் மாடு முதலில் நடுங்குகிறது. இன்னும் குறைந்தால், செய்தி நரம்பு முனை வரை வந்தும் தசைக்குத் தாவாது. அங்கே தசையை எழுப்பும் ரசாயனம் வெளிவரக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். இல்லையென்றால் கால் துவளும்.

இதெல்லாம் தெரியாத காலத்திலேயே வைத்தியம் இருந்தது. 1897இல் டென்மார்க்கின் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர் மடிக்குள் மருந்தை ஏற்றினார். பிறகு வெறும் காற்றை அடித்தார்கள், அதுவும் பலித்தது. மடி இறுகினால் பால் ஊறுவது நிற்கும், ரத்தத்தில் கால்சியம் தங்கும். காரணம் தெரியாமலே கண்ட மருந்துகளில் இதைப்போல் எனக்குப் பிடித்தது வேறில்லை. 1925இல் டிரையரும் கிரெய்கும் கால்சியக் குறைவுதான் காரணம் என்றார்கள். பிறகு கால்சியம் போரோகுளுக்கோனேட் ஊசி வந்தது.

அந்த முதல் பசுவைப் பார்த்த இரவு நான் அவசரப்பட்டேன். கால்சியம் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துவிட்டேன். பசுவின் இதயம் இரண்டு துடிப்புத் தவறியது. இதயத் தசையும் அதே மின்கணக்கில்தான் ஓடுகிறது. கால்சியம் மிஞ்சினாலும் நின்றுபோகும். குழாயை மடக்கிப் பிடித்தேன். பிறகு சொட்டுச் சொட்டாக விட்டதில் பாட்டில் காலியாகும்முன் மாடு ஏப்பம் விட்டது, சாணி போட்டது, எழுந்து நின்றது.

ஈன்ற மாட்டின் காது குளிர்ந்திருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியே டாக்டரைக் கூப்பிடுங்கள்.