கைமாறி வந்த செய்தி: சோவியத் ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ உருவான முறை

1968 ஏப்ரல் 30 தேதியிட்டு மாஸ்கோவில் தட்டச்சுப் படிகளாக வெளிவரத் தொடங்கிய, மனித உரிமை மீறல்களைப் பதிவுசெய்த இரகசிய இதழான ‘நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு’ குறித்து எழுதுவோர் பலரும், ஆய்வாளர் பீட்டர் ரெட்டவேயின் 1972ஆம் ஆண்டுத் தொகுப்பு வழியாகவே அதற்குள் நுழைகிறார்கள். முதல் 11 இதழ்களை விரிவான குறிப்புகளுடன் ஆங்கிலத்தில் தந்த அந்த உழைப்பை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவர் இதழ்களை வந்த வரிசையில் வைக்கவில்லை. செய்திகளைக் கலைத்துப் பொருள்வாரியாக அடுக்கினார். சோவியத் மனித உரிமை இயக்கத்தின் வரலாற்றைத் தேடுபவருக்கு இது வசதி. செய்தி எப்படித் திரட்டப்பட்டது என்று கேட்பவருக்கோ பெரிய நட்டம். ஓர் இதழின் பிழையைப் பின்வந்த இதழ் திருத்துகிறது என்றால், எது முன், எது பின், இடையில் எவ்வளவு காலம் என்பவையே நமக்குச் சான்று. பொருள்வாரி அடுக்கில் இந்த வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. குறிப்பேட்டை இயக்கத்தின் ஆவணப் பெட்டியாக மட்டும் பார்க்கும் வழக்கத்துக்கு இந்த அடுக்குமுறையும் ஒரு காரணம் என்பேன். எனக்கு அது, முகவரி இல்லாமல் இயங்கிய ஒரு செய்தியறை.

1968 டிசம்பரில் வந்த 5ஆம் இதழின் அறிவிப்பு ஒன்றை இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். செய்தி தர விரும்புபவர், தமக்கு இதழைக் கொடுத்தவரிடமே அதைச் சொல்லலாம். அவர் தமக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். இப்படியே அது ஆசிரியரை எட்டும். சங்கிலி முழுவதையும் தாமே தேடிப் போனால் உளவாளி என்று சந்தேகிக்கப்படுவார் என்ற எச்சரிக்கையும் உண்டு. ஒருவர் பிடிபட்டால் அவருக்கு முன்னும் பின்னும் உள்ளவர்களை மட்டுமே காட்டிக்கொடுக்க முடியும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். சரிதான், ஆனால் போதாது. பின்வந்த இதழ்கள் வெளியிட்ட திருத்தங்களைப் பாருங்கள்: பெயர், தேதி போன்ற சின்னஞ்சிறு விவரங்கள். கைதியின் உறவினரோ முகாமிலிருந்து திரும்பியவரோ அல்லாமல் இவற்றை யார் கவனித்திருப்பார்கள்? தணிக்கை அலுவலகமான கிளாவ்லித்தைத் தாண்டி இவை நாளிதழில் வர வழியே இல்லை. ஆகவே, படி கீழே இறங்கிய பாதையிலேயே மறுப்பும் மேலே ஏறியது. சங்கிலி விநியோகத்துக்கு மட்டுமல்ல, சரிபார்ப்புக்கும் உதவியது. இது ஊகம்தான், அகப்பட்டால் தண்டனை என்றிருந்தபோது யாரும் ரசீது வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் திருத்தங்கள் வந்த விதத்தை வேறெந்த வழியிலும் விளக்க முடியவில்லை.

முதல் ஆசிரியர் நத்தாலியா கொர்பனேவ்ஸ்கயா 1969 டிசம்பரில் கைதான பிறகும் இதழ் நிற்கவில்லை என்பதும் இந்த ஊகத்தோடு ஒத்துப்போகிறது. ஆசிரியர் மாறினார், பாதை இருந்தது. 1975 டிசம்பரில் வில்னியுசில், குறிப்பேட்டின் விநியோகப் பொறுப்பை ஏற்றவர்களுள் ஒருவரான உயிரியலாளர் செர்கேய் கவல்யோவ் விசாரிக்கப்பட்டபோது, குறிப்பேட்டில் வந்தவை அவதூறு என்று காட்ட அரசுத் தரப்பு அதன் செய்திகளைத் தனித்தனியாக எடுத்துச் சோதித்தது. எந்த ஆசிரியருக்கும் இதைவிடக் கடுமையான மெய்ப்புத் திருத்துநர் வாய்த்திருக்க மாட்டார்.

பிழைக்கும் திருத்தத்துக்கும் இடையிலான காலத்தைக் கணக்கிடுவதில்தான் சிக்கல். 1972 அக்டோபரின் 27ஆம் இதழுக்குப் பின், சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் மிரட்டலால் வெளியீடு நின்றது. 1974 மே மாதம் கவல்யோவ், தத்தியானா வெலிக்கானவா, தத்தியானா கதரோவிச் ஆகியோர் விநியோகப் பொறுப்பை வெளிப்படையாக ஏற்றபோது, 28 முதல் 30 வரையிலான இதழ்கள் ஒன்றாக வெளிவந்தன. அவை தாங்கியிருந்ததோ பழைய தேதிகள். முன்பக்கத் தேதி செய்தி முடிந்த நாளா, படி கைக்கு வந்த நாளா என்ற ஐயம் மற்ற இதழ்களுக்கும் பொருந்தும். ஆகவே பிழைக்கும் திருத்தத்துக்கும் இடைப்பட்ட காலத்தை முன்பக்கத் தேதிகளை வைத்துக் கணக்கிடுவது 27ஆம் இதழ்வரை ஓரளவு செல்லும். இந்த மூன்று இதழ்களுக்குச் செல்லாது.