புளித்த தண்ணீரில் மின்சாரம்

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்தில் பட்டாசுக் குழாய் சுற்ற மாவுப்பசை வேண்டும். காய்ச்சிய பசையை இரண்டு நாள் மறந்து வைத்தால் நீர்த்துப்போய் மூக்கைத் துளைக்கும். மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் தின்கிற நாற்றம் அது. அந்தத் தீனியில் மின்சாரமும் பிறக்கிறது என்று 1911-இல் எழுதியவர் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம்.சி. பாட்டர். சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டை விட்டு, பிளாட்டினத் தகடுகளை முக்கி, அரை வோல்ட்டுக்குள் அளந்தார்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1931-இல் அமெரிக்காவின் பார்னெட் கோஹன் இத்தகைய கலங்களை வரிசையாக இணைத்து 35 வோல்ட்டைத் தாண்டினார். கிடைத்த மின்னோட்டமோ 2 மில்லி ஆம்பியர். கைபேசி சார்ஜர் ஆயிரத்துக்கு மேல் தருகிறது.

மாவுத் தண்ணீர் தமிழ்நாட்டில் பெருவெள்ளமானது சேலத்தில். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு மைதாவும் ஜவ்வரிசியும் வராமல் போக, 1943 வாக்கில் மாணிக்கம் செட்டியார், மலேயாவிலிருந்து வந்த போபட்லால் ஷாவின் அனுபவத்தைத் துணைகொண்டு, மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுக்கத் தொடங்கினார். பிறகு நூற்றுக்கணக்கில் சேகோ ஆலைகள். 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு. கிழங்கை அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர் வெளியேறும். கரைந்த மாவும் அமிலமுமாகப் புளித்து நாறும். ஊருக்குப் பெரும் தொல்லைதான், நுண்ணுயிருக்கோ கல்யாண விருந்து.

அந்த விருந்திலிருந்து சக்தி எடுக்க ஆலைகள் பிடித்த வழி சாண எரிவாயுக் கலனின் அண்ணன்தான்: காற்றில்லாத தொட்டியில் மீத்தேன். வாயு தானாகவே மேலே வந்து சேரும், பழகிய எஞ்சினில் எரியும். நுண்ணுயிர் மின்கலத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. காற்றில்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் தின்றதன் எலக்ட்ரான்களைக் கரித்தண்டிடம் கொடுக்கும். அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஆக்சிஜன் காத்திருக்கும் மறுமுனைக்கு ஓடும். ஒரு கலம் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது. தொடராக இணைத்தால் நலிந்த கலம் துருவம் மாறி மற்றவற்றையும் இழுத்துவிடும்.

இதே எலக்ட்ரான் பரிமாற்றம் இரும்புக் குழாயில் நடந்தால் அதற்குப் பெயர் அரிப்பு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் எழுந்து, 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகத்தைத் தின்னும் நுண்ணுயிர்களையும் ஆராய்ந்திருக்கிறது. அங்கே எதிரி, கலத்துக்குள் கூலியாள்.

ஆய்வு மேசையை விட்டு நுண்ணுயிர் மின்கலம் ஆலைக்குப் போன பெரிய முயற்சி 2007-இல், ஆஸ்திரேலியாவின் யாட்டலாவில். ஃபாஸ்டர்ஸ் பீர் ஆலைக் கழிவுநீரில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் மூன்று மீட்டர் உயரக் குழாய்கள் பன்னிரண்டை நிறுத்தினார்கள். மொத்தக் கொள்ளளவு ஒரு கன மீட்டர் அளவே. கழிவுநீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தவில்லை, மறுமுனையில் நுண்ணுயிர்ப் படலமும் அளவுக்கு மீறிப் படிந்தது.

வெற்றி வேறொரு வாசல் வழியாக வந்தது. கொரியாவில் பியூங் ஹோங் கிம் குழுவினர் அந்த அற்ப மின்னோட்டத்தையே அளவுகோலாக்கினார்கள். தண்ணீரில் அழுக்கு கூடினால் மின்னோட்டமும் கூடும். அழுக்கை அளக்கும் வழக்கமான பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) சோதனைக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். இந்தக் கருவி வாய்க்கால் ஓரத்தில் நின்றபடியே அன்றைய அழுக்கை அன்றே சொல்லிவிடுகிறது.