எண்ணெய் குறையவில்லை, வேலைதான் குறைந்தது

2016ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்களின் பின்னர், எமது ஊர்ப் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு சகோதரர் என்னை மறித்துக்கொண்டார். சவூதியில் கட்டட வேலை செய்தவர். ஆறு மாதச் சம்பளம் கைக்கு வராமலேயே ஊர் திரும்பியிருந்தார். நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிப்பவன் என்பதால் என்னிடம் கேட்டார்: "காக்கா, எண்ணெய் விலை விழுந்திட்டுதுதானே. விலை ஏறும் வரைக்கும் கிணத்த மூடி வெச்சிட்டு இருக்க ஏலாதா? அவங்க எண்ணெயக் குறைக்கல்ல. எங்கட வேலையத்தானே குறைச்சாங்க. அது ஏன்?"

விலை குறைந்தால் நிரம்பல் குறையும் என்று வகுப்பறையில் வருடாவருடம் கோடு வரைந்து காட்டுபவன் நான். அன்று எனது பதில் அரைகுறையாகவே இருந்தது. அவருடைய கேள்வி நியாயமானது. வளைகுடாவை நம்பியுள்ள எமது குடும்பங்கள் அதன் விடையை அறிந்திருப்பது அவசியம்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2014 ஜூன் மாதம் ஒரு பீப்பாய் பிரென்ட் மசகு எண்ணெய் ஏறத்தாழ 115 டொலருக்கு விற்றது. 2016 ஜனவரியில் அது 28 டொலருக்கும் கீழே இறங்கியது. இதற்கு முக்கிய காரணம் அமெரிக்காவின் ஷேல் பாறை எண்ணெய். 2008இல் நாளொன்றுக்கு 50 இலட்சம் பீப்பாய் எடுத்த அந்நாடு, 2015இல் 96 இலட்சத்தைத் தொட்டது. 2014 நவம்பர் 27ஆம் திகதி வியன்னாவில் கூடிய ஒபெக் அமைப்பு உற்பத்தியைக் குறைக்கும் என்று சந்தை எதிர்பார்த்தது. ஒபெக் குறைக்கவில்லை.

சவூதி அரேபியா அன்று மறுத்ததற்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. 1980களின் முற்பகுதியில் விலையைக் காப்பாற்றுவதற்காக அந்நாடு தனது உற்பத்தியை ஒரு கோடி பீப்பாய் அளவிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தது. 1985இல் அது ஒரு கட்டத்தில் 30 இலட்சத்துக்கும் கீழே போனது. அந்த இடத்தை ஏனைய நாடுகள் நிரப்பிக்கொண்டன. 1986இல் விலையும் 10 டொலர் அளவுக்கு விழுந்தது. விலையும் போய், சந்தையும் போனது. அதே தவறை இன்னொரு முறை செய்ய ரியாத் விரும்பவில்லை. எனவே 2016இல் சவூதியின் உற்பத்தி நாளொன்றுக்கு ஒரு கோடியே ஐந்து இலட்சம் பீப்பாயையும் தாண்டியது. ஈராக் 40 இலட்சத்தைத் தாண்டியது. 2016 ஜனவரியில் தடைகள் நீங்கியதும் ஈரானும் உற்பத்தியை வேகமாகக் கூட்டியது.

கிணற்றை ஏன் மூடுவதில்லை? எண்ணெய்க் கிணற்றில் பெரும் செலவு தோண்டும்போதே முடிந்துவிடுகிறது. அதன்பின் நாளாந்தச் செலவு சிறியது. விலை பாதியானாலும் அந்தச் செலவு தேறினால் எடுத்துக்கொண்டிருப்பதே இலாபம். மூடிய கிணற்றை மீண்டும் இயக்கும்போது பழைய அளவு வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. அரசாங்கங்களுக்கு வேறொரு நெருக்குதலும் இருக்கிறது. சம்பளமும் மானியமும் கொடுத்தாக வேண்டும். ஒரு பீப்பாயின் வருமானம் பாதியானால், இன்னும் சில பீப்பாய்களை விற்றுத்தான் அதை ஈடுசெய்யலாம்.

ஷேல் கிணறுகள் சற்று வித்தியாசமானவை. முதல் வருடத்திலேயே அவற்றின் ஊற்று பாதிக்கும் மேல் வற்றிவிடும். புதிதாகத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அமெரிக்க உற்பத்தி சரிந்துவிடும் என்று பலரும் கணக்குப் போட்டனர். 2014 ஒக்டோபரில் அங்கு எண்ணெய்க்காக இயங்கிய துளையிடும் ரிக்குகள் 1,600க்கும் அதிகம். 2016 மே மாதம் அவை 316 ஆகின. ஐந்தில் நான்கு பங்கு நின்றுவிட்டது. ஆனால் உற்பத்தி 86 இலட்சம் பீப்பாய் அளவுக்கே இறங்கியது. கம்பனிகள் நல்ல ஊற்றுள்ள இடங்களை மட்டும் தெரிந்தெடுத்தன, ஒரே கிணற்றை நிலத்தடியில் நீளமாகத் தோண்டின, ஒப்பந்தக்காரர்களிடம் விலையைக் குறைத்து வாங்கின.

எரிவாயுவின் கதையும் இதுதான். எண்ணெயோடு சேர்ந்தே வரும் வாயுவை, அதன் விலை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் நிறுத்த முடியாது. 2016 மார்ச்சில் அமெரிக்க எரிவாயு விலை இரண்டு டொலருக்கும் கீழே கிடந்தது. அந்த வருடம் உற்பத்தி சிறிதளவே குறைந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னர்தான் லூசியானாவிலிருந்து திரவ எரிவாயு ஏற்றுமதி ஆரம்பித்திருந்தது. வருடத்துக்கு 77 மில்லியன் தொன் உற்பத்தித் திறன் கொண்ட கத்தார், 2005 முதல் தனது வடக்கு வாயுவயலில் புதிய திட்டங்களை நிறுத்தி வைத்திருந்தது. விலை தாழ்ந்திருந்த 2017 ஏப்ரலில் அந்தத் தடையை நீக்கி, இன்னும் அதிகமாக எடுக்கத் தீர்மானித்தது.

அப்படியானால் உண்மையில் குறைந்தது எது? முதலீடு. உலக அளவில் எண்ணெய், எரிவாயு அகழ்வுக்கான முதலீடு 2015இலும் 2016இலும் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ கால்வாசி வீழ்ந்தது. சவூதியின் 2015 வரவுசெலவில் 367 பில்லியன் ரியால் பற்றாக்குறை விழுந்தது. எண்ணெய் எடுப்பதை நிறுத்த முடியாத அரசாங்கத்துக்கு, பாதையும் கட்டடமும் போடுவதை நிறுத்துவது இலகு. ஒப்பந்தக்காரர்களின் கொடுப்பனவு தாமதித்தது. அவர்கள் தொழிலாளியின் சம்பளத்தைத் தாமதித்தனர். அந்தச் சங்கிலியின் கடைசி வளையத்தில் நின்றவர்களுள் எமது சகோதரரும் ஒருவர்.

தாழ்ந்த விலை தானாக முடிவுக்கு வரவில்லை. 2016 நவம்பர் 30ஆம் திகதி ஒபெக் நாளொன்றுக்கு 12 இலட்சம் பீப்பாயைக் குறைக்க உடன்பட்டு, ரஷ்யா உள்ளிட்ட நாடுகளும் இணைந்த பின்னரே சந்தை நிமிர்ந்தது. 2020இல் கொவிட் காலத்திலும் 97 இலட்சம் பீப்பாயைக் கூட்டாகக் குறைக்க வேண்டி வந்தது.

2015 ஜனவரியில் எமது நாட்டில் பெற்றோல் லீற்றர் 150 ரூபாவிலிருந்து 117 ரூபாவாகக் குறைந்தபோது நாமெல்லோரும் மகிழ்ந்தோம். நானும்தான். பல வருடங்களாக ஏறிக்கொண்டே வந்த வெளிநாட்டு உழைப்பாளரின் பணம் அதே வருடம் ஏறாமல் நின்றது; 7 பில்லியன் டொலருக்குச் சற்றுக் கீழே இறங்கியது. தேயிலை ஏற்றுமதி வருமானமும் குறைந்தது. எமது தேயிலையை வாங்குவோரில் பலர் எண்ணெய் விற்றுப் பிழைக்கும் நாட்டவர்கள்.

ஆகவே எண்ணெய் விலை விழுந்த செய்தியைக் கேட்டால், வளைகுடாவில் ஒருவரை வைத்திருக்கும் குடும்பம் பெற்றோல் மலிந்ததை மட்டும் பார்க்கக் கூடாது. சம்பளம் ஒரு மாதம் தாமதித்தாலே விசாரிக்க வேண்டும். புதிதாக வீட்டுக் கடன் எடுப்பதை ஒத்திப்போட வேண்டும். கட்டட வேலைக்குப் புதிதாகப் போகிறவர், கம்பனியின் கையில் எத்தனை ஒப்பந்தம் மீதமிருக்கிறது என்று கேட்டறிந்து போக வேண்டும். கிணறு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் சம்பளமும் ஓடிவரும் என்று நம்பியிருக்க முடியாது.