கோப்புறையில் இறங்கிய விமானங்கள்

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 1982-இல் ஐபிஎம் பிசிக்காக வெளிவந்தபோது, பயனர் கையில் கிடைத்தது ஒரு செஸ்னா 182. புறப்படும் இடம் சிகாகோ ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் ஃபீல்டு. புரூஸ் ஆர்ட்விக் எழுதிய அந்த நிரலில் விமானம் தனிப் பொருளாக இல்லை. நிரலோடு நிரலாகக் கரைந்து கிடந்தது. வேறு விமானம் வேண்டுமென்றால் அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

1989-இல் நான்காம் பதிப்பு வந்தது. அதற்கான ஏர்கிராஃப்ட் அண்ட் சீனரி டிசைனர் என்ற துணைத் தொகுப்பு அடுத்த ஆண்டு வெளியாகி, பயனரே விமானம் வரையும் கதவைத் திறந்தது. ஆர்ட்விக்கின் நிறுவனம் பின்னர் வெளியிட்ட ஃபிளைட் ஷாப் அந்தக் கதவை இன்னும் அகலமாக்கியது. அதில் உருவான விமானம் ஏஎஃப்எக்ஸ் என்ற ஒற்றைக் கோப்பாகக் கைமாறியது. ஃபிளாப்பியிலும் கம்ப்யூசர்வ் போன்ற தொலைபேசி இணைப்புச் சேவைகளிலும் அவை பரவின.

கையால் நிறுவும் கலை உருப்பெற்றது விண்டோஸ் பதிப்புகளில், குறிப்பாக 1997-இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் 98-இல். அதில் ஒவ்வொரு விமானமும் ‘ஏர்கிராஃப்ட்’ கோப்புறைக்குள் தனிக் கோப்புறையாக அமர்ந்தது. அதன் உள்ளே நான்கு துணைக் கோப்புறைகள்: முப்பரிமாண உருவத்துக்கு மாடல், விமானி அறைக்குப் பேனல், எஞ்சின் ஒலிக்குச் சவுண்டு, வெளிப்பூச்சுப் படங்களுக்கு டெக்ஸ்சர். பறக்கும் குணங்களைச் சொல்லும் ‘.ஏர்’ கோப்பும், இவை அனைத்தையும் ஒன்றாகக் கட்டும் ‘ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி’ என்ற உரைக்கோப்பும் அவற்றோடு இருக்கும். நோட்பேடிலேயே திறந்து திருத்தக்கூடிய சாதாரண உரை அது. தயாரிப்பாளர் இந்தக் கட்டமைப்பைப் பூட்டாமல் விட்டதுதான் பின்னர் வந்த அத்தனைக்கும் வேர். ஏற்கெனவே இருக்கும் விமானத்தின் கோப்புறையைத் திறந்து பார்த்தவர்கள், புதியதை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தாமாகவே கற்றுக்கொண்டார்கள்.

வேலையின் நுட்பம் அந்த உரைக்கோப்பில்தான் இருந்தது. ஒவ்வொரு வண்ணப்பூச்சுக்கும் ‘எஃப்எல்டிசிம்.0’, ‘எஃப்எல்டிசிம்.1’ என்று சதுர அடைப்புக்குறிக்குள் தலைப்பிட்ட ஒரு பகுதி வேண்டும். எண்கள் பூஜ்யத்தில் தொடங்கி இடைவெளியின்றி வரவேண்டும். நடுவில் ஓர் எண் விடுபட்டால் அதற்குப் பின்னுள்ளவை பட்டியலில் தெரியாது. ‘டைட்டில்’ வரியில் இருக்கும் பெயர் வேறெந்த விமானத்துக்கும் இருக்கக் கூடாது. ‘டெக்ஸ்சர்=’ என்பதற்குப் பின் எழுதும் சொல், ‘டெக்ஸ்சர்.’ என்று தொடங்கும் கோப்புறைப் பெயரின் வால்பகுதியோடு எழுத்து பிசகாமல் பொருந்த வேண்டும். விமான நிறுவனம் ஒன்றின் பூச்சை மட்டும் இறக்கிச் சேர்ப்பவர் செய்தது இவ்வளவுதான்: படக் கோப்புறையை ஒட்டுவது, பத்துப் பதினைந்து வரிகளை நகலெடுப்பது, எண்ணை மாற்றுவது. ஆனாலும் விமானம் கறுப்பாகவோ வெள்ளையாகவோ வந்து நின்றதற்குப் பெரும்பாலும் இந்தச் சில வரிகளே காரணம்.

இலவசமாக விமானம் செய்தவர்களில் பலர் வெளி உடலை மட்டுமே செய்தார்கள். விமானி அறை செய்வது தனித் திறமை. அந்தக் குறையை ஈடுகட்ட ‘ஏலியஸ்’ என்ற ஏற்பாடு உதவியது. பேனல் கோப்புறையில் ஒரே ஒரு சிறு உரைக்கோப்பை வைத்து, சிமுலேட்டரோடு வந்த வேறொரு விமானத்தின் பேனலைச் சுட்டினால் போதும். ஒலிக்கும் இதே வழி. இரவல் வாங்குவதில் இவ்வளவு கண்ணியமான முறை மென்பொருள் உலகில் அரிது. கருவிமுகங்களான கேஜ்கள் மட்டும் வேறு இடத்தில், அனைத்து விமானங்களுக்கும் பொதுவான ஒரு கோப்புறையில் சேர்ந்தன. ஒரே பெயரில் இரண்டு கேஜ்கள் வந்தால், பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். பழைய கோப்பின் மேல் எழுதலாமா என்று கணினி கேட்கும்போது யோசித்துப் பதில் சொல்வது இந்தப் பழக்கத்தின் முதல் பாடமாயிற்று.

இப்படிச் சேர்ந்த விமானங்களுக்கு ஆவ்சிம், ஃபிளைட்சிம்.காம் ஆகிய இணைய நூலகங்கள் களஞ்சியமாக இருந்தன. 2009 மே மாதம் ஆவ்சிம் ஊடுருவலுக்கு ஆளாகி, அதன் இரண்டு சர்வர்களும் அழிக்கப்பட்டன. ஒன்றுக்கு மற்றொன்றே காப்புநகலாக இருந்ததால் நூலகம் முழுவதும் போய்விட்டதென்றே பலரும் அஞ்சினார்கள்.

அதற்கு முன்பே, 2006-இல் வந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ் விமானங்களை ‘சிம்ஆப்ஜெக்ட்ஸ்’ என்ற கோப்புறையின் கீழ் ‘ஏர்பிளேன்ஸ்’ என்ற இடத்துக்கு மாற்றியது. பழைய பதிப்புக்காகச் செய்த விமானங்கள் பல அதில் பறந்தாலும், சுழலும் புரொப்பெல்லரின் வட்டம் பின்னாலுள்ள மேகங்களை மறைப்பது போன்ற கோளாறுகள் வந்தன. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் விஸ்டா வேறொரு தலைவலியைக் கொண்டுவந்தது. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் பயனர் தன் விருப்பப்படி எழுத அது விடவில்லை. திருத்திய கோப்புகள் சில சமயம் பயனருக்கே தெரியாமல் வேறொரு மறைவிடத்தில் போய்ச் சேர்ந்தன. அதனால் சிமுலேட்டரையே சி டிரைவின் நேரடிக் கோப்புறையில் நிறுவும் வழக்கம் பரவியது.

இதற்கிடையே கட்டணத் தொகுப்புகள் தானியங்கி நிறுவிகளோடு வரத் தொடங்கின. வசதிதான், ஆனால் நிறுவி எதை எங்கே வைக்கிறது என்று பயனருக்குத் தெரியாது. 2018 பிப்ரவரியில் ஒரு ஏர்பஸ் ஏ320 தொகுப்பின் நிறுவிக்குள் குரோம் உலாவியின் கடவுச்சொற்களை எடுக்கும் கோப்பு இருந்தது வெளியே தெரிந்தது. திருட்டு நகல் பயன்படுத்துவோரைப் பிடிக்கவே அது என்றார்கள் தயாரிப்பாளர்கள். ஜிப் கோப்பைத் தன் கையால் பிரித்து வைப்பவருக்கு, உள்ளே இருப்பதை முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பாவது இருந்தது.

எக்ஸ்-பிளேன் என்ற வேறொரு சிமுலேட்டரில் வேலை எளிது. விமானத்தின் முழுக் கோப்புறையும் ‘ஏர்கிராஃப்ட்’ என்பதன் கீழ் போனால் முடிந்தது. புதிய பூச்சை ‘லிவரிஸ்’ கோப்புறையில் போட்டால் போதும், உரைக்கோப்பைத் தொட வேண்டியதில்லை. திறந்த மூல நிரலான ஃபிளைட்கியரிலோ கோப்புறையின் பெயரே சிக்கல் தரும். கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கினால் பெயரின் முடிவில் ‘மாஸ்டர்’ என்று ஒட்டிக்கொண்டு வரும்; அதை நீக்காவிட்டால், பழைய பெயரை நம்பி எழுதிய பாதைகள் பொருந்தாமல் பல விமானங்கள் ஏறாது.

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் கையால் சேர்ப்பவற்றுக்கென்று ‘கம்யூனிட்டி’ என்ற கோப்புறையை ஒதுக்கியது. ஃபிளைபைவயர் குழுவின் இலவச ஏ320நியோ அந்த வழியாகத்தான் பல்லாயிரம் கணினிகளுக்குப் போனது. ஆனால் தொகுப்பிலுள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரும் அளவும் ‘லேஅவுட்.ஜேசன்’ என்ற பட்டியலில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கோப்பு சிமுலேட்டரின் கண்ணில் படாது. ஒரு பூச்சைத் தாமாகச் சேர்ப்பவர் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஜிப்பைப் பிரிக்கும்போது கோப்புறைக்குள் கோப்புறையாக ஓர் அடுக்கு கூடிவிட்டால் விமானம் தெரியாது. இன்றும் புதியவர்கள் அதிகம் இடறுவது அங்கேதான். பெரிய புதுப்பிப்புகளுக்கு முன் அந்தக் கோப்புறையைக் காலி செய்யுமாறு தயாரிப்பாளர்களே அறிவுறுத்தினார்கள்.

2024 நவம்பரில் வந்த அடுத்த பதிப்பில், சிமுலேட்டரோடு வரும் விமானங்களே பெரும்பாலும் தேவைப்படும்போது சர்வரிலிருந்து இறங்குகின்றன. கணினியில் கம்யூனிட்டி கோப்புறை இன்னும் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் அது இல்லை. அங்கே கூடுதல் விமானம் சிமுலேட்டரின் சொந்தக் கடை வழியாக மட்டுமே வரும்.