கொயினாவின் கசப்பு போன வழி

வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. சுற்றிலும் இன்று தேயிலைதான்; பெயர் மட்டும் ஒரு மரத்தினுடையது. நம் தாத்தாக்கள் காய்ச்சலுக்கு முகம் சுளித்தபடி விழுங்கிய கொயினா, அந்த மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. மரத்தின் பூர்வீகமோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை.

அங்கிருந்து பட்டையை ரோமுக்குக் கொண்டுவந்தவர்கள் இயேசு சபைப் பாதிரியார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ரோமைச் சுற்றிச் சதுப்பு நிலம், சதுப்பு நிலத்தில் மலேரியா. சரக்குக்குக் கிராக்கி வந்ததும் கதையும் வந்தது: பெருவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராயின் மனைவி, சிஞ்சோன் சீமாட்டி, இதைக் குடித்துத்தான் பிழைத்தாளாம். கதை பொய் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதற்கு வெகு முன்பே, 1742-ல், தாவரவியலாளர் லின்னேயஸ் அவள் பெயரை மரத்துக்குச் சூட்டிவிட்டார். சூட்டும்போது ஓர் எழுத்தையும் விழுங்கிவிட்டார்!

கத்தோலிக்கப் பாதிரியார்களின் பொடி என்பதாலேயே இங்கிலாந்தில் பலர் அதைத் தொட மறுத்தார்கள். ராபர்ட் டால்போர் என்ற கெட்டிக்கார வைத்தியருக்கு அது வசதியாகப் போயிற்று. ‘பாதிரியார் பொடி ஆபத்து’ என்று ஊரை எச்சரித்துவிட்டு, தன்னுடைய ரகசிய மருந்தை விற்றார். அரசர் இரண்டாம் சார்லஸுக்கே காய்ச்சல் தணிந்தது. பிரான்ஸின் பதினான்காம் லூயி அந்த ரகசியத்தை விலைக்கு வாங்கினார். டால்போர் இறந்த பிறகு 1682-ல் அது வெளியானபோது பார்த்தால், ஒயினில் கலந்த அதே பட்டை!

கசப்பு இன்னொரு மரத்தையும் காட்டிக்கொடுத்தது. எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலேய மதகுரு வில்லோ மரப்பட்டையை வாயில் போட்டுப் பார்த்தார். பெருவின் பட்டை போலவே கசந்ததால், அதைப் பொடித்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்து, 1763-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆஸ்பிரினின் வம்சாவளி அந்தக் கடிதத்தைத் தொட்டுத்தான் போகிறது.

1820-ல் பாரிஸில் பெல்லெத்தியே, காவெந்து என்ற இருவர் பட்டையின் சாரத்தைப் பிரித்தெடுத்து குவினைன் என்று பெயரிட்டார்கள்; நம் வாயில் அதுதான் கொயினா. அதைச் செயற்கையாகச் செய்துவிடலாம் என்று 1856-ல் முயன்ற 18 வயது வில்லியம் பெர்கினுக்குக் கிடைத்ததோ ஊதாச் சாயம். மருந்து வரவில்லை, சாயத் தொழில் பிறந்தது.

மரத்தையே நட்டுவிடலாம் என்பது ஆங்கில அரசின் கணக்கு. கிளெமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆட்கள் போய் ஆண்டிஸ் விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவர, 1860-61 வாக்கில் ஊட்டியில் மெக்கைவர் என்பவர் அவற்றை வளர்த்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் சீனக் கைதிகளைக்கூட வேலைக்கு விட்டார்கள். ஆனால் செழித்து வளர்ந்த செம்பட்டை ரகத்தில் குவினைன் குறைவு; அதன் பங்காளிச் சாரங்கள்தான் மிகுதி. அவையும் காய்ச்சலைத் தணிக்குமா?

இந்த வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். 1866-ல் அமைக்கப்பட்ட குழுக்கள் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் காய்ச்சல்காரர்களுக்கு குவினைன் உட்பட நான்கு சாரங்களையும் தனித்தனியே கொடுத்துப் பலனை ஒப்பிட்டன. மற்ற மூன்றும் ஏறக்குறைய குவினைனுக்கு நிகர் என்று தெரிந்தது. அரசின் சிக்கனப் புத்திதான் காரணம் என்றாலும், இருநூறு ஆண்டுகள் நம்பிக்கையிலும் புரளியிலும் விற்ற சரக்கை வரிசையாக வைத்து, எது எவ்வளவு வேலை செய்கிறது என்று கேட்டது பெரிய காரியம்.

அதே சமயத்தில் பொலிவியாவில் மானுவல் இங்க்ரா மாமானி என்ற பழங்குடி மனிதர், தன் முதலாளி சார்லஸ் லெட்ஜருக்காக அருமையான ரக விதைகளைச் சேகரித்தார். லெட்ஜர் அல்பாகா வியாபாரி. 1865-ல் லண்டன் அரசு அந்த விதைகளை வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். பட்டையில் 10 சதவீதத்துக்கும் மேல் குவினைன்! உலகச் சந்தையே ஜாவாவின் கைக்குப் போயிற்று. மரத்துக்கு லெட்ஜரின் பெயர் வைத்தார்கள். மாமானியோ விதை கடத்தியதற்காகச் சிறையில் அடிபட்டு, அதனாலேயே செத்தார்.

இலங்கைத் தோட்டக்காரர்களும் காப்பி நோயில் அழிந்தபோது சிங்கோனாவுக்குத் தாவினார்கள். எல்லோரும் தாவியதில் விலை விழுந்து, தேயிலைக்கு மாறினார்கள்.

1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளின் கொயினா வரத்து நின்றது. இதற்குள் பெர்கினின் சாயம் தொடங்கிவைத்த தொழில் மருந்துக்கே திரும்பியிருந்தது. 1891-லேயே பால் ஏர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தத் தடத்தில் போன ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1934-ல் ஹான்ஸ் ஆண்டர்சாக் ஒரு புது மருந்தைச் செய்தார். நச்சு அதிகம் என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள். போர்க்கால நெருக்கடியில் அமெரிக்கர்கள் மறுபடி சோதித்தபோது அந்த முடிவு தவறென்று தெரிந்தது. அந்த மருந்தின் பெயர் குளோரோகுயின். நம் வீட்டு வாசலில் சுகாதாரப் பணியாளர் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துவிட்டுக் கையில் தந்துவிட்டுப் போனாரே, அந்த மாத்திரை. அதுவும் கசக்கும்.